ரூஃப் போடும்போதே 80 சதவீதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் 3 சென்ட் மனையில் 1,000 சதுர அடிக்கு வீடு கட்டப்போகிறோம். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருளோடு சேர்த்து சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று கான்ட்ராக்டர் ஒரு பக்க ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார். அட்வான்ஸ் 25 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்தால் 25, ரூஃப் முடிந்தால் 30, பூச்சு முடிந்தால் 15, சாவி தரும்போது 5. எனக்குக் கட்டட வேலை தெரியாது, மொத்தமாக நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எப்படிப் பிரித்துக் கவனிப்பது?

பதில்: முதலில் பணக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 24 லட்சம். ரூஃப் முடிகிற அன்று அவரிடம் 19 லட்சத்து 20 ஆயிரம் போயிருக்கும். உங்கள் மனையில் நிற்பதோ தூணும் சுவரும் ஒரு தளமும். அதுவரை ஆகிற செலவு பொதுவாக மொத்தத்தில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். டைல்ஸ், கதவு, ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் என்று பணம் தின்கிற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மிச்சமுள்ள 4 லட்சத்து 80 ஆயிரத்துக்காக அவர் ஓடி வந்து முடித்துத் தருவார் என்று நம்புகிறீர்களா? அந்த நேரத்தில் உங்கள் பணம் வேறொருவர் வீட்டு அஸ்திவாரத்தில் இருக்கும். ஆள் வரவில்லை, மணல் கிடைக்கவில்லை என்று போனில் கதை ஓடும்.

ஆக, இந்த ஐந்து தவணை அவர் வசதிக்குப் பிரித்தது. உங்கள் வசதிக்குப் பிரிக்க ஒரே ஒரு விதி போதும்: அடுத்த வேலை எதை மூடப்போகிறதோ, அதற்கு முன்னால் ஒரு துண்டை முடியுங்கள். வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டியதும் ஒன்று. அடியில் கம்பி கட்டியதும், கான்கிரீட் கொட்டும் முன் ஒன்று. பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பும் முன், ரூஃப் கம்பி கட்டி முடிந்ததும், சுவரில் பைப் புதைத்துப் பூசும் முன், பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் என்று இப்படியே போனால் பன்னிரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றும் சில நாள் வேலை, மலைப்புக்கு இடமில்லை. மூடிய பிறகு நானே வந்து நின்றாலும் தட்டிப்பார்த்து யூகிக்கத்தான் முடியும்.

இதில் பாதியை நீங்களே பார்க்கலாம். வரைபடத்தில் 12 எம்.எம். கம்பி 15 சென்டிமீட்டர் இடைவெளி என்று இருந்தால், டேப்பை வைத்து அளந்து போட்டோ எடுங்கள். கம்பி பலகையில் ஒட்டிக் கிடக்காமல் அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இருக்கிறதா பாருங்கள். 12 எம்.எம். கம்பி ஒரு மீட்டர் கிட்டத்தட்ட 888 கிராம் இருக்க வேண்டும். எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட்டால் போதும். பாத்ரூம் தளத்தில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு, கீழேயும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் வருகிறதா பாருங்கள். மீதிக்கு, நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வரவழைக்கும் ஒரு இன்ஜினியர் வேண்டும், ஒரு தடவை வந்துபோக இவ்வளவு என்று பேசி. 'எங்க இன்ஜினியர் பார்த்துட்டார் மேடம்' என்பதை ஒரு நாளும் ஏற்காதீர்கள். அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

வீட்டுக் கடன் வாங்கினால் இன்னொரு தலைவலி. வங்கியும் கட்டம் கட்டமாகத்தான் பணம் விடுவிக்கும். அதற்கு ஒருவர் வந்து நாலு போட்டோ எடுத்து, இத்தனை சதவீதம் முடிந்தது என்று எழுதிப்போவார். அவர் தரம் பார்க்க வந்தவரில்லை. ஆனால் 'பேங்க்காரரே ஓகே சொல்லிட்டார்' என்று அதையே சான்றிதழாகக் காட்டுவார்கள். அந்த அறிக்கை மேஜையிலிருந்து மேஜைக்கு நகர்வதற்குள் சைட்டில் வேலை நின்றிருக்கும். விடுவித்த பணத்துக்கு வட்டி மட்டும் ஒரு நாள் தவறாது. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே வங்கியின் கட்டங்களைக் கேட்டு வாங்கி, உங்கள் தவணைகளை அதோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 'கம்பி விலை ஏறப்போகுது, மொத்தமா வாங்கிப்போட்டுடலாம்' என்றால், சரி, கடைக்காரருக்கு நீங்களே நேராகப் பணம் கட்டுங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், ஒப்பந்தத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள். கடைசித் தவணையை 5-க்குப் பதில் 10 சதவீதமாக வையுங்கள்; அதில் பாதியை, குடிபோய் ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு தருவதாக எழுதுங்கள்.

பிரிக்கவே கூடாத வேலை ஒன்று உண்டு. அது ரூஃப் கான்கிரீட். துண்டு துண்டாகச் செய்யச் சொன்னாரே என்று இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி போட விட்டுவிடாதீர்கள். நேற்றுப் போட்டு இறுகியதும் இன்று கொட்டுவதும் ஒன்றாகச் சேராது. அந்தக் கோட்டில்தான் பின்னால் தண்ணீர் கசியும். 1,000 சதுர அடிக்கு 5 அங்குலம் என்றால் தளம் மட்டுமே 12 கன மீட்டரை நெருங்கும், பீம் தனி. காலையில் ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிய வேண்டும். முந்தின நாள் மாலையே போய்ப் பாருங்கள்: சிமென்ட், ஜல்லி, எம்-சாண்ட் முழுக்க வந்துவிட்டதா, மிக்ஸர் நின்றால் மாற்று உண்டா, கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடுகிறதா, டீசல் இருக்கிறதா, மழை வந்தால் மூட தார்ப்பாய் இருக்கிறதா, எலக்ட்ரீஷியன் பைப் வைத்துவிட்டாரா. இதில் ஒன்று குறைந்தாலும் தேதியைத் தள்ளிவையுங்கள், நல்ல நாள் பார்த்திருந்தாலும் சரி. நடுவில் நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தால், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை உங்கள் இன்ஜினியர் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரம் வந்த இடத்தில் மேஸ்திரி நிறுத்தக் கூடாது.

ரூஃப் பணத்தைக் கான்கிரீட் போட்ட அன்று கொடுக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு அதுதான். சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் பலகையும் முட்டும்) பிரித்து, அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள். சென்டரிங் ஷீட்டுக்கு வாடகை ஓடுவதால் சீக்கிரம் பிரிக்கத் துடிப்பார்கள். சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதுவும் சாதாரண சிமென்ட்டுக்கு. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். வெயில் காலத்தில் தளத்தில் 10 நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் கட்டுவதையும் ஒரு துண்டாக எழுதி அதற்கென்று ஒரு தொகை வையுங்கள். காசு இல்லாத வேலையை யாரும் செய்வதில்லை.

சதுர அடி ரேட்டில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்டிகோ சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்க ஒப்பந்தத்தில் நிச்சயம் இருக்காது. பின்னால் 'எக்ஸ்ட்ரா' என்று வரும். பிளான் அனுமதிக்குத் தனியாகக் காசு கேட்கும் புரோக்கரையும் அனுப்பிவிடுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. உங்களுடையது அதற்குள் வரும்.

ரெரா (வீட்டுமனைத் திட்டங்களைக் கண்காணிக்கும் ரியல் எஸ்டேட் சட்டம்) இருக்கிறதே என்று உறவினர் யாராவது தைரியம் சொல்லலாம். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டுகிற வீட்டுக்கு அது உதவாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; வீடு கட்டித் தருவதும் 2019 சட்டப்படி சேவைதான். வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எத்தனை வாய்தா ஆகும் என்று அங்கே போய் வந்த யாரையாவது கேளுங்கள்.

இந்த வாரம் அவரைக் கூப்பிட்டு, பன்னிரண்டு துண்டையும் எதிரில் தொகையையும் எழுதிக் காட்டுங்கள். தொகையில் கொஞ்சம் முன்னே பின்னே பேசினால் பேசட்டும், அது தொழில். 25 சதவீத அட்வான்ஸில்தான் பிடிவாதமாக நிற்கிறார் என்றால் வேறு இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். கேட்கும்போது கம்பி விவரத்தோடு உள்ள ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள், இல்லாவிட்டால் மூன்று விலையையும் ஒப்பிட முடியாது.