வீட்டில் பாடுகிறது, தெருமுனை தாண்டினால் வாயே திறப்பதில்லை!

கேள்வி: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில் நேவிட்ரோம் என்ற பாட்டு சர்வரைப் போட்டு, அப்பா சேர்த்து வைத்திருந்த சிடிகளை எல்லாம் தரம் குறையாத ஃபிளாக் ஃபைலாக மாற்றி ஏற்றியிருக்கிறேன். வீட்டு வைஃபையில் போனில் பிரமாதமாகப் பாடுகிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 'டைம் அவுட்' என்கிறது. ரவுட்டரில் நேவிட்ரோமின் வாசலான 4533 போர்ட்டை ஃபார்வர்டு செய்தாயிற்று (வெளியிலிருந்து வருவதை ராஸ்பெரி பைக்குத் திருப்பிவிடச் சொல்லியாயிற்று), ரீசெட் கூடப் பண்ணிப் பார்த்தாயிற்று. தப்பு எங்கே?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், மதுரை

பதில்: பாவம், ரவுட்டரை விட்டுவிடுங்கள். அது மேல் பெரும்பாலும் தப்பு இருக்காது. முதலில் ஒன்று பாருங்கள். ரவுட்டருக்குள் நுழைந்து, ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடி, வருவதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றாக இல்லாமல், ரவுட்டரில் உள்ள எண் 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் எங்காவது இருந்தால், விஷயம் முடிந்தது. நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பழைய ஐபி (ஐபிவி4) முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடிதான். பகிர்ந்து கொடுக்க மையக் கையிருப்பில் இருந்தது 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைக்கின்றன, இதுதான் சிஜிநாட். நூறு வீடு உள்ள அடுக்குமாடிக்கு ஒரே கேட், ஒரே வாட்ச்மேன் மாதிரி. நீங்கள் உங்கள் ஃபிளாட் கதவில் 'பாட்டு கேட்க வருபவர்கள் உள்ளே வரலாம்' என்று போர்டு மாட்டியிருக்கிறீர்கள், கீழே கேட்டில் இருப்பவருக்கு அது தெரியாது, வருகிறவரை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். எத்தனை முறை ஃபார்வர்டு செய்தாலும் இதுதான் நடக்கும். எண் 192.168 அல்லது 10 என்று தொடங்கினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், சில சமயம் உங்கள் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர் ஒன்றின் பின் ஒன்றாக இருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இரண்டு எண்ணும் ஒன்றுதான் என்றால், கரண்ட் போய் வந்ததும் பையின் உள்முகவரி மாறியிருக்கலாம். நேற்று 192.168.1.20, இன்று 192.168.1.23, ரவுட்டர் இன்னும் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் டிஹெச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு எண் ஒதுக்கும்) பகுதியில் பைக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று, சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். வீட்டுக்குள் இருந்தே வெளிமுகவரியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் திருப்பி விடாது. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான்.

சிஜிநாட் என்றால் என்ன செய்வது? மாதம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி கேட்கலாம். முகவரிப் பஞ்சம் இல்லாத புது முறையான ஐபிவி6 வழியாகவும் போகலாம், ஆனால் நீங்கள் போய் உட்காரும் ஆபீஸ் வைஃபையில் அது இல்லையென்றால் மறுபடியும் மௌனம்தான். என்னைக் கேட்டால், உங்கள் கருவிகளைத் தனி வலையில் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் ஆப்பைப் போடுங்கள். பையில் ஒன்று, போனில் ஒன்று, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழையுங்கள், அவ்வளவுதான். இரண்டும் உள்ளிருந்து வெளியே பேசி ஒன்றையொன்று கண்டுபிடிப்பதால் வாட்ச்மேன் தடுப்பதில்லை. பைக்கு 100 என்று தொடங்கும் புது எண் ஒன்று கிடைக்கும் (இதுவும் அதே 100-தான், சிஜிநாட் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). பாட்டு ஆப்பில் அந்த எண்ணையும் :4533-ஐயும் போடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து டெய்ல்ஸ்கேலை விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் தூங்கிவிடும்.

ரவுட்டரில் திறந்த அந்த 4533-ஐ இன்றே மூடுங்கள். ஹெச்டிடிபிஎஸ் என்ற பூட்டு இல்லாமல் திறந்து வைத்தால் உங்கள் பயனர் பெயரும் நுழைவுச் சாவியும் ஒவ்வொரு பாட்டோடும் வெட்டவெளியில் போய்வரும்.

கேள்வி: டெய்ல்ஸ்கேல் போட்டேன், வேலை செய்கிறது. ஆனால் பஸ்ஸில் பாட்டு விட்டு விட்டு வருகிறதே?
— இன்னொரு வாசகர், திருப்பூர்

பதில்: ஃபிளாக் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி இழுக்கும், ஓடும் பஸ்ஸில் அது கொஞ்சம் பேராசை. நேவிட்ரோமில் 'ப்ளேயர்ஸ்' பக்கத்தில் உங்கள் போனைத் தேர்ந்து ஓபஸ் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஃபார்மேட்), 96 கேபிபிஎஸ் என்று வையுங்கள். மணிக்கு 43 எம்பியில் அடங்கும், பஸ் இன்ஜின் சத்தத்தில் வித்தியாசம் காதுக்கு எட்டாது. அப்படியும் திக்கினால் பையில் 'டெய்ல்ஸ்கேல் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். போன் பெயருக்கு எதிரே 'ரிலே' என்று இருந்தால் இரண்டும் நேரடியாகச் சேர முடியாமல் நடுவில் ஒரு சர்வர் வழியே சுற்றிப் போகிறது. அந்த வழியில் வேகம் குறையும், அதனால் பஸ் ஏறுவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் நாலு ஆல்பத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.