கொய்யாப் பெட்டியில் 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று போடலாமா?

கேள்வி: செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில் 60 சென்டில் சிவப்புக் கொய்யா வைத்திருக்கிறேன். மூன்றாம் வருட மரங்கள். கோயம்பேடு மண்டிக்கும், அண்ணா நகரில் இரண்டு அபார்ட்மென்ட்டுகளுக்கும் பழம் போகிறது. பெட்டியில் 'குடல் புற்றுநோயைத் தடுக்கும்' என்று அச்சடித்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்கிறார் ஒரு வியாபாரி. அது உண்மையா? என் பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. அவருக்குத் தினமும் இந்தப் பழம் கொடுக்கலாமா? மழைக்குப் பிறகு பழத்தில் புழுவும் அதிகம், மருந்து அடித்தும் நிற்கவில்லை.

பதில்: முதலில் பெரியப்பா. இப்போதைக்கு அவருக்குக் கொய்யா வேண்டாம். குடலை வெட்டி இணைத்த இடம் ஆறும்வரை நார்ச்சத்து குறைந்த சாப்பாடுதான் சொல்வார்கள். கொய்யா விதையோ செரிக்காமல் அப்படியே வெளியேறுவது. குடல் குறுகலாக இருந்தால் சேர்ந்து அடைத்துக்கொள்ளவும் கூடும். அறுவை செய்த டாக்டரிடம் 'பழம் கொடுக்கலாமா' என்று பொதுவாகக் கேட்காமல், கொய்யா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கீமோ தொடங்கினால், ஆன்டிஆக்சிடன்ட் (செல் சேதத்தைத் தடுக்கும் என்று சொல்லப்படும் சத்து) மாத்திரை, பொடி என்று சொந்தக்காரர்கள் எதைக் கொண்டுவந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

இனி பெட்டி. உங்கள் பழம் சாதாரணப் பழமல்ல. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது; அதே எடை ஆரஞ்சில் 50 அளவுதான். நார்ச்சத்து ஐந்து கிராம் வரும். சதைக்குச் சிவப்பைத் தருவது தக்காளியில் உள்ள அதே லைகோபீன் என்ற நிறமி. இந்தச் சத்துகள் புற்றுச் செல்களின் வளர்ச்சியைக் குறைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தட்டில் வளர்த்த செல் வேறு, மனிதக் குடல் வேறு. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கூடியிருந்தது. அதனால்தான் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற சொல்லை வைத்து நோய்க்கு உத்தரவாதம் கொடுக்க எனக்கு மனம் வராது.

குடலுக்கு நல்லது என்று துணிந்து சொல்லக்கூடியது நார்ச்சத்தைத்தான். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய ஆகாரம். நார்ச்சத்தும் முழுத் தானியமும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவாக வருகிறது. அதிலும் கொய்யா ஒரு பங்குதான். உடம்பு அசையாத வாழ்க்கை, பருமன், மது, புகை, பதப்படுத்திய இறைச்சி எல்லாம் எதிர்ப்பக்கம் இழுக்கும். பழத்தை ஜூஸாக்கி வடிகட்டினால் அந்த நார்ச்சத்தும் சக்கையோடு போய்விடும். இதை அபார்ட்மென்ட் வாடிக்கையாளர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளிலும் இடமில்லை. அபராதம் வந்தால் அந்த வியாபாரி கட்டமாட்டார்.

புழு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பணம் போவது இங்கேதான். ஒரு பழத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தோலில் ஊசியால் குத்தியதுபோல ஒரு புள்ளி, அதைச் சுற்றி லேசாக அமுங்கிய வட்டம் தெரியும். அங்கேதான் பழ ஈ முட்டை வைத்திருக்கிறது. புழு சதைக்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. பழமாகும் நேரத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் தோலில் எச்சம்தான் மிஞ்சும். கொய்யாவில் வைட்டமின் சி அதிகம் இருப்பதே தோலிலும் அதை ஒட்டிய சதையிலும். தோலோடு கடித்துத் தின்கிற பழம் இது என்பதை மறக்காதீர்கள்.

விழுந்த பழத்தை ஒன்றுவிடாமல் தினமும் பொறுக்குங்கள். வரப்போரம் வீசாமல் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. மரத்தடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் வெயிலும் மைனாக்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் கவர்ச்சிப் பொறி உங்கள் 60 சென்டுக்கு ஆறு போதும். காய் நிறம் மாறும் முன்பே கட்டிவிடுங்கள். அதில் விழுவது ஆண் ஈ மட்டும் என்பதால் பொறியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் உறை போடுங்கள். மூன்றாம் வருட மரத்தில் கைக்கு எட்டும் உயரம்தானே, இரண்டு பெண்கள் நின்றால் கட்டிவிடலாம். கூலி ஆகும், ஆனால் மருந்துச் செலவு குறையும், கழிவும் குறையும்.

கரும்பச்சை மாறி இளம் மஞ்சள் ஓடும்போது, காலையிலேயே காம்போடு பறியுங்கள். கனிந்து குழைந்தால் வைட்டமின் சி இறங்கத் தொடங்கும், பெட்டியிலும் நசுங்கும். 'உறை போட்டு வளர்த்தது, பறித்த தேதி இது, தோலோடு சாப்பிடலாம்' என்று பெட்டியில் அச்சடியுங்கள். அந்த அபார்ட்மென்ட்டுகளில் விலை பேச இது போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பெரியப்பா உங்கள் அப்பாவின் உடன்பிறந்த அண்ணன் என்றால் இதைக் கவனியுங்கள். கூடப்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் இது சின்னச் சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பல வருடம் எடுத்துத்தான் புற்றாகிறது; குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பார்த்து அப்போதே எடுத்துவிடலாம். அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அழைத்துப்போய், இவருக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று வீட்டிலேயே முடிவுகட்டி, நாட்டு மருந்தில் மாதக்கணக்கை ஓட்டிவிடாதீர்கள்.