அப்ரைசர் குறைத்த 18,000 டாலரும் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியும்

கேள்வி: டெக்சாஸில், சான் அன்டோனியோவுக்கு வெளியே ஒரு ஏக்கர் நிலத்தோடு ஒரு டபுள்வைடு மேனுஃபேக்சர்டு ஹோமை (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு) 1,80,000 டாலருக்குப் பேசி முடித்தோம். 1998-இல் செய்தது. எஃப்.எச்.ஏ. கடன் (மத்திய அரசு காப்பீடு தரும் வீட்டுக்கடன்), 3.5 சதவீதம் முன்பணம். வீட்டின் மதிப்பைக் கணிக்கும் அப்ரைசர் வந்து பார்த்துவிட்டு 1,62,000-தான் பெறும் என்று போட்டுவிட்டார். இரண்டு ஹட் (மத்திய வீட்டுவசதித் துறை) தகடுகளில் ஒன்றைக் காணோம், அடித்தளத்துக்கு இன்ஜினியர் சான்று வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். விற்பவர் தங்கமான மனிதர். 2009-இல் மாமனார் நிலத்திலிருந்து வீட்டை இங்கே கொண்டுவந்து, பின்பக்கம் அவரே கூரை இறக்கித் திண்ணை போட்டிருக்கிறார். ஆனால் விலையைக் குறைக்க மாட்டேன் என்கிறார். வித்தியாசத்தை என் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தில் எடுத்துக் கட்டலாமா? அல்லது வேறு வங்கிக்குப் போய் வேறு அப்ரைசரை வரவழைக்கலாமா?

பதில்: 401(கே)-யைத் தொடாதீர்கள். காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஆனால் விஷயம் கணக்கு மட்டுமல்ல.

பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் எஃப்.எச்.ஏ. கடன் கிடைக்கும். 1,62,000-இல் 96.5 சதவீதம் 1,56,330. ஆக முன்பணம் 5,670, அதோடு வித்தியாசம் 18,000. மொத்தம் 23,670 டாலர் கைப்பணம் போட வேண்டும். நீங்கள் நினைத்திருந்தது 6,300. இதுபோக 1.75 சதவீதக் காப்பீட்டுக் கட்டணம் தனி. அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். அந்தக் காப்பீடு வங்கியைக் காப்பது, உங்களை அல்ல. பலரும் இதில்தான் குழம்புகிறார்கள்.

வங்கியை மாற்றினால் அப்ரைசர் மாறுவார் என்பது பெரும்பாலும் நடக்காது. எஃப்.எச்.ஏ. மதிப்பீடு அந்த வீட்டின் கேஸ் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். 180 நாள் செல்லும். புது வங்கிக்குப் போனாலும் அதே அறிக்கைதான் கூடவே வரும். அக்கம்பக்கத்தில் இதைவிட நல்ல விலைக்குப் போன டபுள்வைடு வீடுகள் இருந்தால், அந்த விவரத்தை வங்கி வழியாகக் கொடுத்து மறுபரிசீலனை கேட்கலாம். டபுள்வைடுக்கு டபுள்வைடைத்தான் காட்ட வேண்டும். தெருமுனையில் இருக்கும், அந்த இடத்திலேயே கட்டிய வீட்டின் விலையைக் காட்டி வாதாடினால் எடுபடாது.

கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை என்று அப்ரைசர்மேல் உங்களுக்கு எரிச்சல் இருக்கும். இந்த இடத்தில் நான் அவர் பக்கம். தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டபுள்வைடு என்பது தொழிற்சாலையிலிருந்து இரண்டு துண்டாகச் சாலையில் வந்து, இங்கே சேர்க்கப்பட்ட வீடு. ஒவ்வொரு துண்டின் வெளிச்சுவரிலும், கீழ்மூலைப் பக்கமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு உலோகத் தகடு அறைந்திருப்பார்கள். 1976 ஜூன் 15-இலிருந்து நடைமுறையில் இருக்கும் மத்திய அரசு விதிப்படி செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்கு முந்தைய வீடுகளுக்கு எஃப்.எச்.ஏ. கடனே கிடையாது. உங்கள் வீட்டில் சைடிங் (வெளிச்சுவர் உறை) மாற்றியபோது பிய்ந்து போயிருக்கலாம். தகட்டைத் திரும்ப அடித்துத் தர மாட்டார்கள். ஆனால் ஐ.பி.டி.எஸ். என்ற நிறுவனம் பதிவேட்டைப் பார்த்து உறுதிக் கடிதம் தரும், வங்கிகள் அதை ஏற்கும். அதற்கு வேண்டிய எண்கள் வீட்டுக்குள் ஒட்டியிருக்கும் டேட்டா பிளேட்டில் இருக்கும். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், படுக்கையறை அலமாரி, மின்பெட்டி அருகே என்று தேடிப் பாருங்கள். பழுத்துப்போன ஒரு தாள்தான்.

இன்ஜினியர் சான்றுக்கும் வழி உண்டு. பின்பக்கக் கூரை வீட்டுச் சுவர்மேல் பாரத்தை இறக்கி நிற்கிறதா, தன் கால்களில் தனியாக நிற்கிறதா என்று அவர் பார்ப்பார். சுவர்மேல் நின்றால் அது தனிச் சிக்கல். தொழிற்சாலையில் அந்தப் பாரத்தைக் கணக்கில் வைத்து அந்தச் சுவரைச் செய்திருக்க மாட்டார்கள்.

இனி, நீங்கள் சாதாரணமாக எழுதிய அந்த வரி. "2009-இல் மாமனார் நிலத்திலிருந்து கொண்டுவந்து." வீடும் நிலமும் சேர்ந்த எஃப்.எச்.ஏ. கடனில், வீடு தொழிற்சாலையிலிருந்தோ டீலரிடமிருந்தோ நேராக இந்த இடத்துக்கு வந்து இறங்கியிருக்க வேண்டும். இன்னொரு இடத்தில் ஏற்கெனவே நிறுவி, பிறகு பெயர்த்துக் கொண்டுவந்த வீடு தகுதி பெறாது. மதிப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு. அப்ரைசர் கண்ணில் இது இன்னும் படவில்லை போலிருக்கிறது. வங்கியிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மத்திய அரசு காப்பீடு தரும் கடனில் தெரிந்தே உண்மையை மறைப்பது குற்றம்.

முதலில் இதை உறுதி செய்யுங்கள். டெக்சாஸில் இந்த வீடுகளுக்கு 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஓனர்ஷிப்' என்ற உரிமைப் பத்திரம் உண்டு. மாநில வீட்டுவசதித் துறையின் மேனுஃபேக்சர்டு ஹவுசிங் பிரிவு கொடுப்பது. தகட்டு எண்ணையோ வரிசை எண்ணையோ வைத்து அவர்கள் பதிவில் தேடலாம். வீடு அசையாச் சொத்தாகப் பதிவாகியிருக்கிறதா என்பதும் அதில் தெரியும். அதுவும் இந்தக் கடனுக்கு அவசியம். இன்ஜினியருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

இடம் மாறியது உண்மையென்றால் இந்தக் கடன் இல்லை. வேறு கடன்கள் கிடைக்கலாம், ஆனால் வட்டி கூடும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருபவருக்கும் இதே கதைதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு 1,80,000 என்பது அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

ஒப்பந்தம் போட்டபோது கொடுத்த முன்தொகை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். எஃப்.எச்.ஏ. ஒப்பந்தத்தோடு 'அமெண்டேட்டரி கிளாஸ்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். மதிப்பீடு பேசிய விலைக்குக் கீழே வந்தால், முன்தொகையை இழக்காமல் நீங்கள் விலகலாம் என்று அதில் இருக்கிறது. உங்களுக்கு எரிச்சல் தந்த அந்த 1,62,000-தான் இப்போது வெளியே வரக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் ஏஜெண்டிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, தேதிகளைப் பார்த்து, பதிவு விவரம் வந்த அன்றே எழுத்தில் பதில் கொடுங்கள்.