நோட்டு நிறைகிறது, கட்டுரை மட்டும் புரியவில்லை

கேள்வி: நர்சிங் முடித்துச் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, இப்போது மெடிக்கல் ஹியூமானிட்டீஸில் (மருத்துவத்தை இலக்கியம், தத்துவம், வரலாறு வழியாகப் பார்க்கும் துறை) முதுகலை சேர்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ஆங்கிலம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இங்கே படிக்கக் கொடுக்கும் கட்டுரைகளில் பக்கத்துக்கு இருபது முப்பது சொற்கள் இடறுகின்றன. தெரியாத ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் எழுதி, எதிரே தமிழ் அர்த்தம் போட்டு மனப்பாடம் செய்கிறேன். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. அடுத்த கட்டுரையை எடுத்தால் பழைய கதைதான். கூடப் படிப்பவர்கள் பெரிய பெரிய சொற்களை அநாயாசமாக எழுதுகிறார்கள். நானும் அப்படி எழுத வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகி

பதில்: நோட்டை மூடி வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

முதலில், உங்களை இடற வைப்பவை எந்தச் சொற்கள் என்று பார்ப்போம். கேட்டால் எல்லாரும் ‘ஹெர்மெனூட்டிக்ஸ்’, ‘ஃபினாமினாலஜி’ மாதிரி நீளமான சொற்களைத்தான் கைகாட்டுவார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் அவை அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. எண்ணிக்கையில் குறைவு, கட்டுரைக்குக் கட்டுரை திரும்ப வரும், முதல் தடவை வரும்போதே விளக்கம் கொடுத்துவிடும் ஆசிரியர்களும் உண்டு. அதோடு, ‘கோலிசிஸ்டெக்டமி’ என்று மூச்சு விடாமல் சொல்லத் தெரிந்தவர் ஒரு சொல்லின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கிரேக்க, லத்தீன் துண்டுகள் உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. ‘பேத்தாலஜி’யில் உள்ள, துன்பத்தையும் உணர்ச்சியையும் குறிக்கும் ‘பேத்தோஸ்’தான் ‘எம்பதி’யிலும் இருக்கிறது. ‘சைக்கியாட்ரி’யிலும் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்பதிலும் வருகிற, மருத்துவரைக் குறிக்கும் கிரேக்க வேர், சிகிச்சையாலேயே விளையும் கெடுதலைச் சொல்லும் ‘அயட்ரோஜெனிக்’கிலும் இருக்கிறது. வேரை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ‘ஹிஸ்டீரியா’வின் வேர் கருப்பை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த நம்பிக்கையால் பெண்கள் பட்ட பாடு உங்கள் துறையில் தனிப் பாடமாகவே இருக்கிறது.

உங்களை உண்மையில் திணற வைப்பவை தெரிந்த முகத்தோடு வருகிற சொற்கள். ‘டினை’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்’ என்று கேஸ் ஷீட்டில் பார்த்திருப்பீர்கள், நீங்களே எழுதியும் இருப்பீர்கள். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டோம், இல்லை என்றார். அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே, பொது ஆங்கிலத்தில், ‘டினை’ என்பது குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கும்போது வருகிற சொல். மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் எழுத்தாளர் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். டாக்டர் ‘அப்சர்வ்’ செய்கிறார், ‘ஃபைண்ட்’ செய்கிறார். நோயாளியோ ‘கம்ப்ளெயின்’ செய்கிறார், ‘கிளெய்ம்’ செய்கிறார், ‘டினை’ செய்கிறார். யார் சொல்வது உண்மை, யார் சொல்வது வெறும் பேச்சு என்பதை வினைச்சொல்லே முடிவு செய்துவிடுகிறது என்பது அவர் வாதம். இது தெரியாமல் அந்தக் கட்டுரையைப் படித்தால், எல்லாச் சொல்லும் தெரிந்த மாதிரியும் இருக்கும், ஒன்றும் புரியாத மாதிரியும் இருக்கும்.

சரி, இதே கட்டுரையில் கொஞ்சம் தள்ளி ‘எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நோட்டில் இது ‘அறிவுசார் அநீதி’ என்று ஏறியிருக்கும். மனப்பாடமும் ஆகியிருக்கும், ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. இந்தச் சொற்றொடரை 2007-இல் விரிவாக எழுதி நிலைநிறுத்தியவர் மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி. ஒருவர் இன்னார் என்பதற்காகவே அவர் சொல்வதை நம்ப மறுப்பதும், தனக்கு நடப்பதைச் சொல்ல அவருக்கு வார்த்தையே கிடைக்காமல் போவதும் அவர் பேசிய அநீதிகள். பிறகு ஹாவி கேரல் போன்றவர்கள் அதை நோயாளிகளின் நிலைக்குப் பொருத்தி எழுதினார்கள். வலிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் காது கொடுக்காத நோயாளியைப் பார்க்காத நர்ஸ் இருக்க முடியாது. அந்த முகத்தோடு இந்தச் சொல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டால் மனப்பாடமே தேவைப்படாது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். உங்கள் துறையில் முக்கியமான சொற்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சண்டையில் ஒரு கட்சியைச் சேர்ந்தவை. அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டையை விட்டுவிட்டால் சொல் நிற்காது.

‘டிசீஸ்’, ‘இல்னெஸ்’, ‘சிக்னெஸ்’ மூன்றுக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘நோய்’ என்றே இருக்கும். ஆர்தர் கிளைன்மன் 1980-களில் எழுதியவற்றில் மூன்றையும் பிரித்தார். அவர் மனநல மருத்துவர், மானுடவியலும் தெரிந்தவர். மருத்துவர் உடலில் காணும் கோளாறு முதலாவது. அதோடு வாழ்கிறவரும் குடும்பத்தாரும் படுகிற அனுபவம் இரண்டாவது. சமூகம் அதை எப்படிப் பார்க்கிறது, நடத்துகிறது என்பது மூன்றாவது. இந்தப் பிரிவினை தெரிந்தவர்களுக்காகவே எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். அங்கே ‘இல்னெஸ்’ என்று வந்தால் ஆசிரியர் வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்.

‘ரெஸ்டிடியூஷன்’ இன்னும் வேடிக்கை. அகராதி, பறிபோன பொருளைத் திருப்பிக் கொடுப்பது, நஷ்ட ஈடு என்று சட்ட அர்த்தம் காட்டும். ஆனால் ஆர்தர் ஃபிராங்க் என்ற சமூகவியலாளர், நோயுற்றவர்கள் தங்கள் கதையைச் சொல்லும் விதங்களை 1995-இல் மூன்றாகப் பிரித்தபோது, ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தார். ‘நன்றாக இருந்தேன், நோய் வந்தது, மறுபடி நன்றாகிவிடுவேன்’ என்ற கதை அது. குணமே ஆகாத நோய்க்காரர் இந்தக் கதைக்குள் எங்கே நிற்பார் என்பதுதான் அவர் எழுப்பிய பிரச்சினை. நஷ்ட ஈட்டை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் படித்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

அடுத்து, ஆசிரியரின் மனசைக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சொற்கள். இன்னொருவர் கருத்தைச் சொல்லும்போது அவர் ‘ஆர்க்யூ’ என்கிறாரா, ‘கிளெய்ம்’ என்கிறாரா, ‘கன்சீட்’ என்கிறாரா என்று பாருங்கள். ‘கன்சீட்’ என்றால் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார் என்று பொருள். ‘ஆஸ்டென்சிப்ளி’ வந்தால், மேலுக்கு அப்படித் தெரிகிறது, நான் நம்பவில்லை என்று அர்த்தம். ‘ப்ரிவிலெஜ்’ வினைச்சொல்லாக வந்தால் அது பெரும்பாலும் குறைதான் சொல்கிறது: ஒன்றுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டார்கள் என்று. இவற்றைத் தவறவிட்டால், ஆசிரியர் யாரை மறுக்கிறாரோ அவருடைய கருத்தையே ஆசிரியர் கருத்து என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

வாக்கியம் கட்டும் விதமும் ஒரு தடை. ‘மெடிக்கலைசேஷன் ஆஃப் க்ரீஃப்’ (துக்கத்தை மருத்துவப் பிரச்சினை ஆக்குவது) மாதிரித் தொடர்கள் ஒரு முழுச் சம்பவத்தைப் பெயர்ச்சொல்லுக்குள் அமுக்கி வைத்திருக்கும். யார் செய்தார், எப்போது, யாருக்கு என்ற கேள்விகளைப் போட்டு அதை அவிழ்க்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம், நெருங்கியவரை இழந்து இரண்டு மாதத்துக்குள் இருப்பவரைப் பொதுவாக மனச்சோர்வு நோயாளி என்று முத்திரை குத்தாமல் ஒரு விலக்கு வைத்திருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை நீக்கியது. 2022-இல் வந்த அதன் திருத்தம், நீடித்த துக்கத்தைத் தனி நோயாகவே சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்பு நடந்து குறைந்தது 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. துக்கத்துக்கு மருத்துவம் காலக்கெடு வைக்கலாமா என்ற சண்டை இதிலிருந்துதான் சூடு பிடித்தது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் ‘மெடிக்கலைசேஷன்’ தானாக விளங்கும், அதன் பின்னாலேயே ‘பேத்தாலஜைஸ்’ (நோயாகப் பார்ப்பது), ‘நார்மேட்டிவ்’ (எது சரி, எது இயல்பு என்று வரையறுப்பது) இரண்டும் வந்துவிடும்.

இனி எதைப் படிப்பது என்பது. சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்குப்படி, துணையில்லாமல் படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருப்பது நல்லது. அதாவது ஐம்பதுக்கு ஒன்று மட்டும் புதிதாக இருக்கலாம். முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் ஆறு. நீங்கள் சொல்லும் இருபது முப்பது என்பது படிப்பு ஆகாது, அகழ்வாராய்ச்சி. பாடத்துக்குக் கொடுத்ததைத் தள்ளிவிட முடியாது, சரி. ஆனால் அதைத் தொடுவதற்கு முன் அதே விஷயத்தைப் பற்றிய எளிய ஒன்றைப் படியுங்கள்: ஒரு நூல் மதிப்புரை, நோயாளி ஒருவர் எழுதிய அனுபவக் கட்டுரை, ஒரு நேர்காணல். மதிப்புரைகளை மாணவர்கள் சீந்துவதே இல்லை. சண்டை என்ன, யார் எந்தப் பக்கம் என்று இரண்டு பக்கத்தில் சொல்லிவிடும் எழுத்து அது.

அப்புறம், தாவித் தாவிப் படிக்காதீர்கள். ஒரு மாதம் ஒரே விவாதம். புற்றுநோயைப் பற்றிப் போர் மொழியில் பேசலாமா என்பதை எடுத்துக்கொண்டால், அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1978-இல் அதைத் தாக்கி எழுதியதில் தொடங்கி, அவரோடு உடன்படாதவர்கள் வரை ஐந்தாறு பேரைப் படிக்கலாம். ‘மெட்டஃபர்’, ‘ஸ்டிக்மா’, ‘ஏஜென்சி’ என்று அதே சொற்கள் வேறு வேறு கைகளில் திரும்ப வரும். ஒரு சொல் மனதில் தங்க, ஒரே வாரத்தில் நாலைந்து இடத்தில் அதைச் சந்திப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த நோட்டு. ஒரு கட்டுரைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் ஏற்றாதீர்கள். சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். கீழே தமிழில் ஒரு வரி: இதை யார், யாருக்கு எதிராகச் சொல்கிறார். அந்தச் சொல்லோடு கூட வரும் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். அகராதிக்கு காலின்ஸ் கோபில்ட் நல்லது, அது அர்த்தத்தையே முழு வாக்கியமாகச் சொல்லும், சொல் எப்படிப் புழங்குகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். ஃபிளாஷ் கார்டு ஆப் பிடிக்கும் என்றால் பயன்படுத்துங்கள், ஆனால் கார்டில் வாக்கியம் இருக்க வேண்டும், சொல் இருந்த இடம் காலியாக இருக்க வேண்டும். மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது, 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்து ஒரு குடும்பம்). இணையத்தில் இலவசம். ஒரு மாலை உட்கார்ந்து தெரிந்ததை டிக் செய்துகொண்டே போங்கள். மிச்சம் நிற்பதை மட்டும் கவனத்தில் வைத்தால் போதும், பட்டியலை உருப்போட வேண்டாம்.

நீங்களும் அப்படி எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இப்போதைக்கு. படித்தால் புரிகிற சொற்கள் எப்போதும் எழுதத் தெரிந்த சொற்களைவிடப் பல மடங்கு இருக்கும், எல்லாருக்கும். ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு ஆசிரியர்களிடம் பார்த்த பிறகு உங்கள் கட்டுரையில் போடுங்கள். அதுவும் அந்தச் சொல் இல்லாமல் விஷயத்தைச் சொல்ல இரண்டு வாக்கியம் பிடிக்கும் என்றால் மட்டும். கூடப் படிப்பவர்களின் பெரிய சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை: ‘டிஸ்கோர்ஸ்’ என்று எழுதியவரிடம் அந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். பலர் ‘பேச்சு’ என்பார்கள். அப்படியென்றால் ‘பேச்சு’க்கான சாதாரண ஆங்கிலச் சொல்லையே போட்டிருக்கலாம்.

அவர்களிடம் இல்லாதது ஒன்று உங்களிடம் இருக்கிறது. ‘நான்-கம்ப்ளையன்ட்’ (சொன்னபடி கேட்காதவர்), ‘புவர் ஹிஸ்டோரியன்’ (தன் நோயைப் பற்றி ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்), ‘டிஃபிகல்ட் பேஷன்ட்’ என்ற சொற்களெல்லாம் வார்டில் எப்படி, யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் இவற்றில் ஒன்றை எடுங்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதற்கு வழங்கும் ‘கம்ப்ளையன்ஸ்’ என்ற சொல், சொன்னபடி கேட்பதைக் குறிக்கிறது என்பதால் அதை விட்டுவிட்டு ‘அட்ஹியரன்ஸ்’ என்று மாற்ற வேண்டும் என்று வந்த விவாதம் தேடினால் நிறையக் கிடைக்கும். படிக்க வேண்டிய கட்டுரைகளும் அதிலேயே வந்துவிடும். எழுதி முடித்ததும், சந்தேகமான சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு உங்கள் பேராசிரியரிடம் அந்த வட்டங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். முழுக் கட்டுரையையும் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடுகிறவர்கள்கூட நாலு வட்டத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்பதில்லை.