தினமும் ஆபீஸ் போகவும் எப்போதாவது டிராக்கில் ஓட்டவும் ஒரே பிரேக் பேட் போதுமா? எது வாங்கலாம்?

போதாது. அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். எனக்கு இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய கலக்கம் ஒன்று வயிற்றில் எட்டிப் பார்த்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் நிலைமை ஓரளவு தெரிகிறது. கார் வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும், யாரோ ஒரு நண்பர் டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, கூப்பிட்டிருப்பார், ராத்திரி ஒரு மணி வரை வீடியோ பார்த்துவிட்டு மஞ்சள் பேடா சிவப்பு பேடா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நான் இன்ஜினியர் இல்லை, எந்த பேட் கம்பெனியும் எனக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை. பட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான். கருத்துப் பெட்டியில் "தொழில்முறை ரேஸர்கள் அப்படிச் செய்வதில்லையே" என்று வரப்போகிறவர்கள் இதை இன்னொரு முறை படித்துக்கொள்ளவும்.

என் கார் போலோ ஜிடி. முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும்), பின்னால் டிரம் பிரேக். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. 1990-இல் திறந்தது, அதற்கு முன் சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் ரேஸ் எல்லாம். என் அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்தவர், அந்தக் கதையை மாதம் ஒரு முறையாவது கேட்டாக வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் டிராக் டே. கம்பெனி பேட், கம்பெனி டிஸ்க். நான்கு சுற்று வரை ராஜா மாதிரி ஓட்டினேன். ஐந்தாவது சுற்றில் நேர்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி. இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தபின் ஏதோ கொஞ்சம் பிடித்தது, அதற்குள் கார் தாரை விட்டுப் புல்லில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்து நிறுத்தினால் சக்கரத்திலிருந்து கருகிய வாடை.

பிரேக் வேலை செய்யவில்லை, அப்படியென்றால் பேட் சரியில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு மாத வீட்டு வாடகையைக் கொட்டி, வெளிநாட்டு ரேஸ் பேட் ஒரு செட் வரவழைத்தேன். மெக்கானிக் அண்ணன் "பிரேக் ஆயிலையும் மாத்திடலாமா தம்பி?" என்று கேட்டார். "போன சர்வீஸ்ல மாத்தியாச்சு, பில்லுல இருக்கு" என்றேன் தெனாவெட்டாக.

இரண்டாவது டிராக் டே. அதே கார், புதுப் பேட், ஆறாவது சுற்று, அதே பஞ்சு மூட்டை. இந்த முறை முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்ததால் புல் மேயவில்லை. பக்கத்து பிட்டில் தலை நரைத்த ஒருவர் பழைய மாருதி எஸ்டீம் காரைக் குடைந்துகொண்டிருந்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பெடல் கல்லு மாதிரி இருந்துச்சா, பஞ்சு மாதிரி இருந்துச்சா?"

இந்த ஒரு கேள்வியை யாராவது முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு மாத வாடகை மிச்சம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது, குற்றம் பேடுடையது. பெடல் பஞ்சாகித் தரையைத் தொட்டால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலை அழுத்தினால் சுருங்காது, அது கொதித்து வரும் ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் அந்தக் குமிழியைக் கசக்கவே போய்விடும், பேடை அழுத்துகிற காலிப்பர் வரை எதுவும் போய்ச் சேராது.

அண்ணன் மறுநாள் ஆயிலை வெளியே எடுத்தார். பாட்டிலில் வடிந்தது சாட்சாத் ஃபில்டர் காபி டிகாஷன். புது ஆயில் வெளிர் மஞ்சளாக, கண்ணாடி மாதிரி இருக்கும். பில்லில் "பிரேக் ஆயில் மாற்றியது" என்று எழுதிக் காசு வாங்கியிருந்தார்கள், எந்த சர்வீஸ் சென்டர் என்று சொல்லப்போவதில்லை. நானும் மூடியைத் திறந்து ஒரு முறை பார்த்திருக்கலாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு, ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 155-க்கு இறங்கிவிடும். சென்னைக் காற்றில் இரண்டு வருடம் இருந்த ஆயில் எந்தப் பக்கம் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். ரேஸுக்கென்றே வரும் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ஆயில் புதிதில் 312 டிகிரி. அதில் ஒரு பாட்டில், பைப்பில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கிற கூலி, இரண்டும் சேர்ந்தாலே நான் பேடுக்குக் கொடுத்ததில் ஒரு மூலைக்குத்தான் வரும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகோன், மற்றதோடு கலக்கவே கூடாது. 5.1 கேட்டால் 5-ஐ எடுத்து நீட்டுகிற கடை இருக்கிறது, லேபிளைப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. ரேஸ் பேடை அப்படியே சாலையிலும் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள், நானும் சோம்பேறித்தனத்தில் அதைத்தான் செய்தேன். டிராக் முடிந்து பத்து நாள், பேடைக் கழற்றவில்லை. விடிகாலை ஐந்தரை மணி, தூறல், அப்பாவை எழும்பூரில் ரயில் ஏற்ற வேண்டும். பக்கத்தில் அப்பா, பின்னால் மனைவி. தெருவைத் தாண்டி முதல் சிக்னல். முன்னால் ஒரு மாநகரப் பேருந்து நிற்கிறது, பிரேக்கில் கால் வைக்கிறேன், பெடல் கல் மாதிரி இருக்கிறது, கார் மட்டும் தன்பாட்டுக்கு உருள்கிறது. மொத்த பலத்தையும் போட்டு மிதித்ததில் பேருந்தின் பின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பேருந்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த டியூஷன் சென்டர் விளம்பரத்தின் போன் நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம். எழும்பூர் வரை காரில் சத்தமே இல்லை. இறங்கும்போது அப்பா மட்டும், "சோழவரத்துல வண்டிங்க பறந்தப்பக் கூட நான் இவ்வளவு பயந்ததில்லடா" என்றார்.

காரணம் எளிது. ரேஸ் பேடின் கலவை சூட்டில் பிடிப்பதற்கென்றே செய்தது, குளிர்ந்து கிடந்தால் பிடிமானம் குறைவு. சாலையில் அதற்குத் தேவையான சூடு ஏறவே ஏறாது. டிராக்கில் மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு இறக்கும்போது பிரேக் விழுங்கும் சக்தி, ஊருக்குள் 60-இலிருந்து வண்டியை நிறுத்துவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். வேகத்தின் வர்க்கம், பள்ளிக்கூடக் கணக்குத்தான். அதுவும் ஒரு சுற்றுக்குப் பல முறை. இந்த இரண்டு வேலைக்கும் ஒரே கலவை என்பது மழைக்கோட்டையும் ஸ்வெட்டரையும் ஒரே துணியில் தைக்கச் சொல்வது.

பேடின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35-இலிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.45-இலிருந்து 0.55 வரை. ஜிஜி பார்த்துத்தான் நான் வாங்கினேன் என்று மார்தட்டுகிறவர்களுக்கு: அந்த அதிகச் சூட்டு சோதனையே சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடும், டிராக்கில் டிஸ்க் 500-ஐத் தாண்டுவது சகஜம்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரேஸ் பேட் குளிரில் கீச்சிடும். அந்தப் பத்து நாளில் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என் கார் நம்பரைப் போட்டு, "குழந்தைகள் தூக்கம் கெடுகிறது" என்று அறிவிப்பு விட்டார்கள். சரி, நியாயம், சத்தம் வந்தது உண்மைதான். ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம் லாரி மாதிரி உறுமுகிற சங்கத்து ஜெனரேட்டரைப் பற்றி மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தரும் கட்டை விரல் கூடக் காட்டியதில்லை. அதற்கு ஃபவுண்டேஷன் ரப்பர் மாற்ற நாலாயிரம் ரூபாய் இல்லையாம், நுழைவாயிலுக்கு கிரானைட் போடக் காசு இருக்கிறதாம்.

விடுங்கள். இப்போது என்னிடம் இரண்டு செட் இருக்கிறது. சாலைக்கு கம்பெனி தரத்தில் சாதாரண பேட், டிராக்குக்கு ரேஸ் பேட், முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் கடையிலேயே மாற்றிவிடுவேன். முன் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் கூட ஆகாது. காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழியாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், பெயின்ட்டில் பட்டால் தின்றுவிடும். டிராக் போகும் வழியில் பாட்டி மாதிரி ஓட்டுவேன். முதல் சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, வேகத்திலிருந்து அழுத்திக் குறைத்து, ஆனால் முழுக்க நிற்காமல், எட்டுப் பத்து முறை செய்தால் பேடின் கலவை மெல்லிய பூச்சாக டிஸ்க்கில் சீராக ஏறும். பிட்டுக்கு வந்ததும் சூட்டோடு பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள், பேட் அந்த இடத்திலேயே அச்சு பதித்துவிடும், அப்புறம் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க்கே வளைந்துவிட்டது என்று கடையில் சொல்லும் பல கேஸ் இதுதான்.

இரண்டு செட் முடியாது, ஒன்றுதான் என்று அடம்பிடித்தால் ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி யெல்லோஸ்டஃப் மாதிரி நடுவாந்திரத்துக்குப் போங்கள். குளிரிலும் ஓரளவு பிடிக்கும், நாலைந்து சுற்று தாங்கும், அப்புறம் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற விட வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒரு டிராக் டே என்றால் அதுவும் வேண்டாம். புது ஆயில், பாதிக்கு மேல் தடிமன் உள்ள கம்பெனி பேட், மூன்று சுற்றுக்கு ஒரு முறை ஓய்வு, போதும். துளை போட்ட டிஸ்க், கலர் காலிப்பர் எல்லாம் போட்டோவுக்கு. இதற்கு அடி விழும் என்று தெரியும், விழட்டும்.

முன்னால் மட்டும் ரொம்பப் பிடிப்பான பேட் போட்டால் என் மாதிரி பின்னால் டிரம் உள்ள வண்டியில் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டப் பார்க்கும், அதைத் தடுக்கிற ஏபிஎஸ் உதற ஆரம்பிக்கும். நீங்கள் கார் என்னவென்று எழுதவில்லை. பின்னாலும் டிஸ்க் என்றால் அந்தப் பக்கத்துக்கும் அதே கலவையில் பேட் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.