முத்திரையில் பார்த்த மூன்று கோபுரங்கள்

கேள்வி: அப்பா சிறு வயதிலிருந்தே முத்திரை சேர்ப்பவர். இப்போது 78 வயது. முழங்கால் நோவால் படலை தாண்டுவதே அரிது. ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம், “இந்தச் சின்ன நாடுகளில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கலாம்” என்கிறார். இணைய வரைபடத்தில் காட்ட நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?
– வாசகி, கொக்குவில்

பதில்: ஆல்பத்தில்தான் தொடங்க வேண்டும், பிள்ளை. சான் மரினோ முத்திரை ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் கொடுங்கள். 1877 முதல் முத்திரை வெளியிடும் நாடு அது. சேகரிப்பவர்களிடம் இல்லாமல் இருக்காது. மலை உச்சியில் மூன்று கோபுரங்கள் உள்ள முத்திரை கிடைத்தால் இன்னும் நல்லது. நாட்டுக் கொடியிலும் அவைதான்.

நான் முப்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன். வகுப்பு அட்லஸில் சான் மரினோ இத்தாலிக்குள் ஒரு புள்ளி. பென்சில் முனையை வைத்தால் மறைந்துவிடும். அந்தப் புள்ளியைத் திரையில் பெருப்பித்துக்கொண்டே போனபோது ஓட்டுக் கூரைகளும், வளைந்து வளைந்து மலையேறும் வீதியும் தெரிந்தன. அன்றிரவு வெகுநேரம் எனக்கு நித்திரை வரவில்லை.

பரப்பு 61 சதுரக் கிலோமீற்றர். நெடுந்தீவைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு உடனே பிடிபடும். மொனாக்கோ இரண்டு சதுரக் கிலோமீற்றர்தான், நயினாதீவில் பாதி.

கணினியில் கூகுள் வரைபடத்தைத் திறந்தால் கீழ் மூலையில் ஒரு சிறிய மஞ்சள் பொம்மை இருக்கும். அதைத் தூக்கினால் கமெரா போன வீதிகள் நீலக் கோடுகளாகத் தெரியும். ஒரு கோட்டின் மேல் விடுங்கள்; வீதியில் நிற்பீர்கள். தனி நீலப் புள்ளிகள், அங்கே போனவர்கள் எடுத்து ஏற்றிய சுற்றுப்படங்கள், அதாவது நாலாபக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய படங்கள். கோபுரங்களின் பக்கத்தில் அவற்றைத் தேடுங்கள். கைத்தொலைபேசித் திரை அப்பாவின் கண்ணுக்குப் போதாது. மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, அவரைச் சாய்வு நாற்காலியில் வசதியாக இருத்துங்கள்.

முதல் நாள் நான் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்குள் ஈபிள் கோபுரம், பிரமிட், தாஜ்மகால் என்று தாவினேன். மறுநாள் ஒன்றும் நெஞ்சில் நிற்கவில்லை. ஒரு மாலைக்கு ஓர் ஊர் போதும். அடிவாரத்திலிருந்து வீதி வழியே அடியடியாக ஏறுங்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அப்பாவே சொல்லட்டும். கடைப் பலகை, யன்னல் பூச்சட்டி என்று அவர் நிற்கச் சொல்லும் இடத்தில் நில்லுங்கள்.

அடுத்து வத்திக்கான். அரைச் சதுரக் கிலோமீற்றர்கூட இல்லாத நாடு. புனித பேதுரு சதுக்கத்தின் வாயிலில், தரையில் பதித்த வெள்ளைக் கல் வரிதான் எல்லை. அந்த இடத்தில் மதிலில்லை. அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அப்பாவிடம் விடுங்கள்.

வீதிப் படங்களில் திரையின் ஓரத்தில் படம் எடுத்த மாதமும் ஆண்டும் இருக்கும். அதையும் வாசித்துச் சொல்லுங்கள். முத்திரை சேர்ப்பவர் ஆண்டைக் கேட்காமல் விடமாட்டார்.