முதலில் போய் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வருகிற மாதம் நானும் கனடாவில் இருக்கும் தங்கையும் லண்டனில் இருக்கும் மச்சாளும் சேர்ந்து சிதம்பரம், சீர்காழி, திருவண்ணாமலை என்று கோயில் பார்க்கப் போகிறோம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் மூவரும் சந்தித்து, மாலை விமானத்தில் சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. இரவு வான் வண்டியில் புறப்பட்டால் விடிய ஆறு மணிக்கே நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். தங்கை தோஹா வழியாகப் பத்து மணிபோல் வந்து இறங்குவாள். மச்சாள் வர ஒரு மணி ஆகும். அதுவரை அங்கே தனியாக என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துப் படுங்கள், அவர்கள் இறங்கி போன் எடுத்ததும் போனால் போதும் என்கிறான் மகன். "கதிரையில் இருந்து மினக்கெடுவதில் என்ன இருக்கிறது அம்மா?" என்று கேட்கிறான். அவன் சொல்வதும் சரிதான். ஆனாலும் தங்கை வெளியே வரும்போது நான் அங்கே நிற்க வேண்டும் போலிருக்கிறது. அவளைப் பார்த்துப் பல வருடமாகிறது. இது வெறும் பிடிவாதமா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

வாசகி, உப்புவெளி

*

அன்புள்ள ரீச்சர்,

அறை எடுக்க வேண்டாம். நீங்கள் நினைப்பதுதான் சரி. தங்கை வெளியே வரும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள்.

மகன் உங்கள் உடம்பை நினைத்துச் சொல்கிறார், அது விளங்குகிறது. ஆனால் நீர்கொழும்புக்குப் போய், அறைக்குள் சாமானை ஏற்றி, குளித்துப் படுக்கும்போது எட்டு மணி ஆகிவிடும். நேரத்துக்கு எழும்புவோமோ என்ற யோசனையில் நித்திரையும் வராது. தங்கையின் விமானம் அரை மணி முந்தி இறங்கிவிட்டால், உள்ளூர் சிம் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு சனக்கூட்டத்துக்குள் அவர் உங்கள் முகத்தைத் தேடிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் முழுக்கப் பறந்து வருகிறவர் அவர். மூவரில் யாராவது ஒருவர் முதலில் போய் நின்றால்தான் மற்ற இருவரும் நிம்மதியாக வந்து சேர முடியும். இந்த முறை அது உங்கள் பங்கு.

நம்மூர்க்காரர் எங்கே போவதென்றாலும் நேரத்தோடு போய் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. சீனக்குடாவில் நமக்கென்று ஓர் ஓடுபாதை இருக்கிறது. பிரித்தானியர் காலத்து விமானத்தளம், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட இடம். இன்றைக்கும் அது விமானப்படையின் கையில்தான். கட்டுநாயக்கவுக்குச் சிறு விமானங்கள் பறக்கின்றன, ஆனால் அவற்றில் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் நிலாவெளிக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்கள். நமக்குத் தரைவழிதான். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் காடு. யானை வீதிக்கு வந்துவிட்டால் அது விலகும் வரை வான் நிற்க வேண்டும். பிறகு தம்புள்ளை, குருநாகல், அங்கிருந்து நீர்கொழும்பு வீதி. எங்கே சுணங்கும் என்று சொல்ல முடியாத பாதையில் இரண்டு மூன்று மணித்தியாலம் கூட்டிக் கணக்குப் போடுகிறவர்தான் புத்திசாலி. எனவே ஆறு மணிக்கே போய்ச் சேர்வதை நினைத்து வெட்கப்படாதீர்கள்.

காத்திருப்பு என்றதும் எனக்கு விமான நிலையத்தைவிட நம் துறைமுகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. 2006 ஆகஸ்டில் போரினால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணச் சனத்துக்கு இருந்த சில வழிகளில் ஒன்று, திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடிய கப்பல். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கப்பல் என்றைக்கு வரும், யாருக்கு இடம் கிடைக்கும் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. லொட்ஜுகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் சனம் தங்கியிருந்தது. எங்கள் தெருவிலும் ஒரு குடும்பம் இருந்தது: ஒரு தாய், அவருடைய மகள், சின்னப் பேரன். கப்பல் பட்டியலில் தாயின் பெயரும் பேரனின் பெயரும் வந்தன, மகளுடையது வரவில்லை. அவர்கள் ஏறவில்லை. கட்டிய பைகளை அவிழ்த்து, காயப்போட்டிருந்த கொடியிலேயே உடுப்புகளைத் திரும்பப் போட்டார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாமல்தான் அதைச் செய்தார்கள். ஏன் போகவில்லை என்று தெருவில் யாரும் அந்த அம்மாவிடம் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். அவர் அப்போது சிறு பிள்ளையாக இருந்திருப்பார்.

சரி, ஏழு மணித்தியாலத்தை எப்படிக் கழிப்பது?

முதலில் உடம்பு. தனியாக இருப்பவருக்கு விமான நிலையத்தில் பெரிய சிக்கல் பசியோ நித்திரையோ அல்ல, கழிவறை. சாமானை விட்டுவிட்டும் போக முடியாது, பக்கத்தில் இருப்பவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் சரியில்லை. ஆளில்லாத பையைக் கண்டால் காவலர்கள் வந்துவிடுவார்கள். உங்கள் டிக்கெட்டை வைத்துப் பெரிய பையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். விமான நிறுவனத்தின் கவுண்டரைப் பொதுவாகப் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னர்தான் திறப்பார்கள், ஆகவே பிற்பகல் வரை சாமான் உங்களோடுதான். கழிவறைக் கதவுக்குள் உங்களோடு நுழையக்கூடிய அளவில் ஒரே ஒரு சக்கரப் பை கொண்டு போங்கள். பருத்திச் சேலைகள் நாலு போதும். மிச்சத்தைச் சென்னையில் வாங்கலாம், எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள்.

வீட்டிலிருந்து இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். வெளிப்பகுதியில் இருந்து சாப்பிட ஒரு தடையும் இல்லை. குடிவரவைக் கடந்து உள்ளே போய்விட்டால் கடைகளில் விலை டொலரில் இருக்கும். நூறு மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீரோ குழம்போ சோதனையைத் தாண்டாது. மருந்துக் குளிசைகளைக் கைப்பையில் வையுங்கள். போன் சார்ஜரும் அதிலேயே இருக்கட்டும்.

வானில் நித்திரை கொண்டிருக்க மாட்டீர்கள். ஆறு முதல் எட்டு வரை கைப்பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடுங்கள். நித்திரை வராவிட்டாலும் பரவாயில்லை.

எட்டு மணிக்கு எழும்பி, பயணிகள் வெளியே வரும் வாசலுக்குப் போங்கள். புத்தகம் கொண்டு போவதானால் கொண்டு போங்கள், ஆனால் அந்த வாசலில் நின்றால் புத்தகத்தைத் திறக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மற்ற விமான நிலையங்களில் இலகுவில் காணக் கிடைக்காத ஒரு காட்சி கட்டுநாயக்கவில் உண்டு. வந்திறங்குவோருக்கான தீர்வையற்ற கடைகளில் வாசனைத் திரவியமும் சொக்லேட்டும் மட்டுமல்ல, குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கிறார்கள். வளைகுடாவில் வீட்டு வேலை செய்துவிட்டு வரும் பெண்கள் அவற்றை வாங்கி, தங்கள் உயரத்துக்கு மேலே எழும்பி நிற்கும் அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பெட்டிதான் முதலில் வாசலைத் தாண்டும், அதற்குப் பின்னால்தான் ஆள் தெரிவார். ஒருமுறை அப்படி வந்த ஒரு தாய், அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட தன் பிள்ளையை உடனே தூக்கப் போகவில்லை. வண்டிலை ஓரமாக நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நிலத்தில் குந்தியிருந்து, கைப்பைக்குள் எதையோ தேடுவது போல இருந்தார். பிள்ளை இரண்டடி வைத்து வந்து பைக்குள் எட்டிப் பார்த்தது. அந்தத் தாய்க்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் எத்தனையோ பெண்கள் இப்படிப் போய் வருகிறார்கள். அவர்களை வரவேற்க நிற்கும் சனத்தோடு நீங்களும் நிற்பீர்கள். பேச்சு தானாக வரும். எந்த ஊர் என்று கேட்டாலே போதும், பாதிப் பேர் நம் பக்கத்து ஊராக இருப்பார்கள்.

மக்காவுக்கு உம்றா யாத்திரை போகும் குழுக்களையும் புறப்படும் பக்கத்தில் பார்க்கலாம். ஒரே நிறப் பை, கழுத்தில் அட்டை. கூட்டிப் போகிறவர் நிமிடத்துக்கு ஒரு தடவை தலை எண்ணுவார், எண்ணி முடிக்க முன்னரே யாராவது ஒருவர் தேத்தண்ணிக்குப் போய்விடுவார். அவருடைய பொறுமையைக் கவனியுங்கள். மாலையில் மச்சாள் கடைக்குள் நுழைந்து மறையும்போது உங்களுக்கு அது தேவைப்படும்.

தங்கையின் விமானம் எங்கே வருகிறது என்று மகன் போனில் ஃபிளைட்ரேடார்24 போட்டுத் தருவார். பார்க்கலாம், ஆனால் அதையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். விமானம் தன் இடத்தை வானொலி அலையில் சொல்லிக்கொண்டே வருகிறது, தரையில் ஆங்காங்கே இருக்கும் கருவிகள் அதைப் பிடித்துப் படத்தில் போடுகின்றன. தோஹாவிலிருந்து வரும் விமானம் அரபிக் கடலுக்கு மேலே வரும்போது பக்கத்தில் தரை இல்லை. அப்போது அந்தச் சின்ன மஞ்சள் விமானம் படத்திலிருந்து மறைந்துவிடலாம், அல்லது உத்தேசமாக வரைந்த கோட்டில் நகரலாம். அதைக் கண்டு நெஞ்சு பதற வேண்டாம். கரை கிட்டியதும் திரும்ப வந்துவிடும். அறிவிப்புப் பலகையில் இறங்கிவிட்டது என்று போட்ட பிறகும் குடிவரவு, பெட்டி எடுப்பது, சுங்கம் எல்லாம் முடிய முக்கால் மணி, ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்.

இதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பேசி வையுங்கள். தங்கையும் மச்சாளும் உண்மையிலேயே வெளியே வருகிறார்களா? அவர்களுடைய பெட்டிகள் நேரே சென்னைக்குப் போவதாகப் பதிவாகி, உள்ளே இடைமாறும் பகுதியிலேயே இருந்துவிடுவதானால் நீங்கள் வெளி வாசலில் நின்று பயனில்லை. நீங்கள் குடிவரவைக் கடந்து உள்ளே போன பிறகுதான் சந்திக்க முடியும். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு நாட்டுக்குள் வரும் அனுமதியும் வேண்டும். வரவேற்பவர்களை எதுவரை விடுவார்கள் என்பதையும் முதல் நாளே விசாரியுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் ஒருவரையும் உள்ளே விடவில்லை.

தங்கை வந்ததும் வீட்டுக் கதைகளை உடனே தொடங்காதீர்கள். ஒரு கதிரையில் இருத்தி, இடியப்பத்தைக் கொடுங்கள். காலை நீட்டி இருக்கட்டும். அதற்குப் பிறகு மச்சாளுக்காகக் காத்திருக்கும் மூன்று மணித்தியாலம் உங்கள் இருவருக்கும் மட்டும் கிடைக்கும் நேரம். சென்னையில் இறங்கிவிட்டால் கோயில், வாகனம், அறை, சாப்பாடு என்று ஓட்டம்தான். அம்மா அப்பாவைப் பற்றி, காணியைப் பற்றி, சொல்லாமல் வைத்திருந்த எதைப் பற்றியாவது பேசுவதானால் இங்கேயே பேசிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. மச்சாளின் விமானம் தாமதமானால் என்ன செய்வீர்கள்? லண்டனிலிருந்து நேரே வந்தாலே பதினொரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பறக்க வேண்டும். புறப்படும்போதே இரண்டு மூன்று மணித்தியாலம் பிந்துவது பெரிய அதிசயமில்லை. மூவரும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால், லண்டன் விமானம் பிந்தியதற்காகச் சென்னை விமானத்தில் இன்னொரு இடம் தர அந்த நிறுவனத்துக்குக் கடமை கிடையாது. கவுண்டர் புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் மூடிவிடும். அந்த நேரத்தில் நின்று, இருவரும் போவதா மூவரும் நிற்பதா என்று முடிவெடுக்க வந்தால், களைப்பிலும் அவசரத்திலும் மனஸ்தாபம்தான் மிஞ்சும். அதனால் இந்த வாரமே மூவரும் வாட்ஸ்அப்பில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

என்னைக் கேட்டால், அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சீர்காழி அடுத்த நாளும் அங்கேதான் இருக்கும். பிந்தி வந்தவர் சென்னையில் தனியாக இறங்கி, அதன் பிறகு சிதம்பரத்துக்கு வழி தேடி வந்து சேரட்டும் என்பது சேர்ந்து போகும் பயணத்துக்கு அழகில்லை. நாள் மாற்றக்கூடிய டிக்கெட்டா, மாற்ற எவ்வளவு ஆகும் என்று முகவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். மாற்ற வேண்டி வந்தால் அந்தக் காசை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தன்னால்தானே என்று மச்சாள் தானே முழுவதையும் கட்ட வருவார், அதற்கு விடாதீர்கள்.